பத்தாவது கொக்கி

தலையை எண்ணாதே, சட்டையை எண்ணு. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பழியை வேறு யார் தலையிலும் கட்டிவிடக் கூடாதே என்று சொல்கிறேன்.

சட்டை என்றால் எங்கள் துறையில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். காலையில் மூயில் என்கிற பழைய மாயா நகரத்தின் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்து முடித்த பயணிகளை, இரண்டு ஏரி தாண்டிப் படகில் கூட்டிப்போய், கண்டல் மரங்களுக்கு நடுவே ஓடுகிற ஆற்றில் இறக்கிவிடுவோம். நீந்தத் தெரிய வேண்டியதில்லை. சட்டையைத் தலைகீழாகத் திருப்பி, கை நுழைக்கிற ஓட்டையில் காலை நுழைத்து, கோவணம் மாதிரி வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். முக்கால் மணி நேரத்தில் தண்ணீரே கீழ்த் துறையில் கொண்டுவந்து சேர்த்துவிடும். டாக்டரானாலும் சரி, பெரிய இடத்துச் சீமாட்டியானாலும் சரி, எல்லாருக்கும் அதே கோவணம்தான். அதைக் கட்டிக்கொண்டு அவர்கள் வாத்து மாதிரி நடந்து வருவதைப் பார்த்துச் சிரிப்போம். எங்கள் பிழைப்பில் இருக்கிற சிரிப்பு அவ்வளவுதான்.

ஐந்து வருடத்துக்கு முன்பு தலையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒருநாள் எங்கள் படகோட்டிகளில் ஒருத்தனான ஹெர்குலானோ அடுத்த படகுக்காரனின் ஆள் ஒருத்தனைத் தன் ஆள் என்று எண்ணிவிட்டான். கனடாக்காரன் ஒருத்தன் மூன்று மணி நேரம் ஆற்றிலேயே கிடந்து, கொசுக்கடியில் முகம் வீங்கி வந்து சேர்ந்தான். எங்கள் சங்கத்துக்கு அனுமதியே போய்விடும் போலிருந்தது. அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நின்று, தலை ஆடும், நகரும், முங்கும், சட்டை பொய் சொல்லாது என்றேன். படகுக்குப் பத்துக் கொக்கி, பத்துச் சட்டை. எத்தனை பயணியோ அத்தனை சட்டைதான் கொக்கியை விட்டு இறங்க வேண்டும். கரும்பலகையில் போனது இத்தனை, வந்தது இத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாரும் கைதட்டினார்கள். அதற்கப்புறம் ஒரு பயணிகூட விடுபட்டதில்லை.

பயணி என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். வழிகாட்டிக்கும் படகோட்டிக்கும் சட்டை கிடையாது. கூடாது என்று யாரும் விதி போடவில்லை. வெட்கம்தான். இந்த ஏரிகளை இணைக்கிற கால்வாயை ஆயிரம் வருடத்துக்கு முன் கையால் வெட்டினவர்கள் எங்கள் மாயா முன்னோர்கள். அந்தத் தண்ணீரில் நாங்கள் கோவணம் கட்டி மிதப்பதா? கை ஒடிந்திருந்த சமயத்தில் ஒரே ஒருநாள் சட்டை போட்ட தோமாசுக்கு ஐம்பது வயதாகிறது, பேரனும் இருக்கிறான், ஊர் இன்னும் அவனைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறது. அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான்.

எலீகியோ என் தம்பி. வழிகாட்டி. எனக்கு எட்டு வயது இளையவன், என்னைவிட இரண்டு மடங்கு பருமன், நாலு மடங்கு பேச்சு. இடிபாட்டில் பெரிய கோபுரத்தின் முன்னால் நின்று அவன் கதை சொல்ல ஆரம்பித்தால், கைபேசியை நோண்டிக்கொண்டிருக்கிறவன்கூட நிமிர்ந்து பார்ப்பான். நானும் அவனும் பதினோரு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. யாருக்கு எந்த வேலை என்று முறை போடுகிறவள் நான். போன கூட்டத்தில் அவன் எழுந்து, இனிமேல் எனக்கு ஆறு வேண்டாம், இடிபாடு மட்டும் போதும், உடம்பு முன்னைப்போல இல்லை என்றான். அவனுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறான், அது எனக்குத் தெரியும். சோளம் அரைக்கப் போன இடத்தில் ஒருமுறை மயங்கி விழுந்தான், அதுவும் தெரியும். பட்டினி கிடந்தால் யார்தான் விழமாட்டார்கள் என்று நினைத்தேன். தம்பிக்கு நிழலில் வேலை கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? எல்லாருக்கும் நிழல்தான் வேண்டும், ஆற்றில் மீன்களா வேலை பார்க்கும் என்று கூட்டத்திலேயே கேட்டுவிட்டேன். சிரித்தார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து என்னிடம் பேச்சில்லை. எனக்கும் ரோஷம் உண்டு, நானும் பேசவில்லை. முறையையும் மாற்றவில்லை.

பதினோராவது நாள் பயணிகள் ஒன்பது பேர். காட்டுக்குள் இருக்கிற மரக் கோபுரத்தில் ஏறி ஏரியைப் பார்த்துவிட்டு, பதினொன்றரைக்கு என் படகுக்கு வந்தார்கள். எலீகியோ கோபுரத்தில் ஏறவில்லையாம், கீழேயே உட்கார்ந்துகொண்டு அவர்களை மட்டும் ஏறச் சொன்னானாம். ஒருத்தி சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். சோம்பேறி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

ஒன்பது சட்டையை இறக்கிக் கொடுத்து, பலகையில் போனது ஒன்பது என்று எழுதிவிட்டுத் திரும்பினால், எலீகியோ பக்கத்தில் நிற்கிறான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. வெயில்தானே என்று நினைத்துக்கொண்டேன். யாருக்கும் கேட்காமல், எங்கள் மாயா மொழியில், மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, இன்னிக்கு எனக்கும் ஒண்ணு குடேன். காலையிலேர்ந்து தலை ஒரு மாதிரி சுத்துது."

பதினோரு நாளில் அவன் பேசின முதல் வார்த்தை. நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு உள்ளே இளகத்தான் செய்தது. வந்துட்டியா வழிக்கு என்று ஒரு சந்தோஷம்கூட. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது சந்தோஷம் வந்தாலும் கடிக்கிற வாய். அவன் மாயாவில் கேட்டதற்கு நான் ஸ்பானிஷில், துறைக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னேன்.

"என்னடா, பாப்பாவுக்குக் கோவணம் வேணுமா? பவுடரும் போட்டு விடட்டா?"

ஒன்பது பயணிகளும் சிரித்தார்கள். அடுத்த படகில் ஹெர்குலானோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எலீகியோவும் சிரித்தான். நான் விடவில்லை. போனது ஒன்பது என்று எழுதியாகிவிட்டது, ஒன்பது பேருக்குப் பத்துச் சட்டை போனால் கணக்கு என்னத்துக்கு ஆகும் என்றேன். சும்மா கேட்டேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். பத்தாவது கொக்கியில் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எஞ்சினை இழுத்தேன்.

கால்வாய் ஓரம் சின்னக் கல் கோயில் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் உப்பும் பச்சைக்கல்லும் ஏற்றிவந்த ஓடங்கள் நின்று போன இடம். அங்கே படகை நிறுத்தச் சொல்லி அவன் கால் மணி நேரம் அளப்பான். அன்று நிறுத்தச் சொல்லவில்லை. இது கோயில் என்று கையைக் காட்டினதோடு சரி. என் மேல் இருக்கிற கோபத்தைப் பயணிகள் மேல் காட்டுகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேல் துறையில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தண்ணீர் குளிர்ச்சியாக, அடி மணல் தெரிகிற மாதிரி இருந்தது. வழக்கம்போலக் கடைசி ஆளாக எலீகியோ இறங்கினான். யாரும் பின்தங்கிவிடக் கூடாது என்பதற்காக வழிகாட்டி எப்போதும் கடைசியில்தான் வருவான். அவனுக்குப் பின்னால் யாரும் கிடையாது. அந்த ஓடையில் எஞ்சின் படகு போகாது, ஆகவே நான் சுற்றுவழியாகக் கீழ்த் துறைக்குப் போய்க் கட்டினேன். ரொட்டியும் மீனும் தின்றுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

ஒன்றரைக்கு முதல் ஆரஞ்சு தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஊதலை ஊதிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு சட்டையிலும் ஆபத்துக்கென்று ஒரு ஊதல் கட்டியிருக்கும், இவர்கள் அதை விளையாட்டுக்கு ஊதுவார்கள், நான் வைவேன். அன்றும் வைதேன். ஏழு, எட்டு, ஒன்பது. அவ்வளவுதான், கணக்கு நேர்.

கடைசியாக வந்தது புவேப்லா ஊரிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா, தலை நரைத்தவர். படகில் ஏறினதும் வழிகாட்டி எங்கே என்று கேட்டார். மூன்றாவது வளைவில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம், நீங்க போங்க நான் வரேன் என்றாராம். அவருக்கு முகமே சரியில்லை, கொஞ்சம் காத்திருந்து பார்க்கலாமே என்றார்.

"அவன் இந்தத் தண்ணியிலயே பொறந்தவன்மா. உங்களுக்கு முன்னாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்" என்றேன்.

அந்த அம்மா இரண்டு தரம் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். நான் எஞ்சினை இழுத்துவிட்டேன். காத்திருக்காததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அந்தப் பதினோரு நாளில் மூன்று தடவை அவன் என் படகில் திரும்பி வரவில்லை. கரையோரப் பலகைப் பாதையில் நடந்துபோய் ஹெர்குலானோ படகில் ஏறிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான். இன்றைக்கும் அதே ரோஷம், காலையில் கேலி செய்ததற்கு முறுக்கிக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்தேன். நில்லுடா நல்லா நில்லு என்று நினைத்தேன். இதையும் மறைக்கப்போவதில்லை.

மூன்று மணிக்கு எங்கள் துறைக்கு வந்து சட்டைகளை மாட்டினேன். போனது ஒன்பது, வந்தது ஒன்பது. நசாரியா சிதுக் என்று கையெழுத்துப் போட்டேன்.

நாலரை மணிக்கு மோட்டார் எண்ணெய் எடுக்கக் கிட்டங்கிக்குப் போனேன். சப்போட்டா மரத்தில் எலீகியோவின் சைக்கிள் சாத்தியிருந்தது. கைப்பிடியில் காலையில் கொண்டுவந்த சோளக்கஞ்சிப் புட்டி, மூடி திறக்காமல். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கும்போதே ஹெர்குலானோவின் படகு வந்து ஒட்டியது. ஆறு பயணிகள் இறங்கினார்கள். ஏழாவது ஆள் இல்லை.

எலீகியோ எங்கே என்று நான் கேட்க வாயெடுக்குமுன் அவனே கேட்டான்.

"உன் தம்பி உன்கூட வரலியா? பாதையிலயும் காணோமே."

புட்டியைக் கைப்பிடியிலேயே திரும்ப மாட்டினேன். ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. தோமாசின் படகு வரட்டும், அதில் இருப்பான் என்றேன். தோமாஸ் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டான், உள்ளே வலை காயப்போட்டுக்கொண்டிருக்கிறான் என்றான் ஹெர்குலானோ. அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தோமாசை ஃபிதேலியாவைக் கீழ்த் துறைக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் என் படகில் ஏறினோம். ஃபிதேலியா எலீகியோவின் பெண்டாட்டி.

ஏரியில் காற்று எழுந்திருந்தது. வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு ஏரியும் கடக்க அவ்வளவு நேரமாகும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டே போனேன். கால் சுளுக்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருக்கட்டும், என்னைக் கண்டபடி வையட்டும், நாளையிலிருந்து அவனுக்கு ஆயுசு முழுக்க இடிபாட்டு வேலைதான். ஊர் பார்க்க நானே கோவணம் கட்டி மிதக்கிறேன். யாரிடம் பேசினேன் என்று கேட்டால் தெரியாது. கன்னிமேரியிடமும் பேசினேன், காட்டுச் சாமிகளிடமும் பேசினேன்.

மேல் துறையில் கட்டிவிட்டுப் பலகைப் பாதையில் ஓடினோம். கூப்பிட்டோம். எலீகியோ, எலீகியோ என்று கத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். கொக்கு சத்தம், தண்ணீர் சத்தம். ஒரு ஊதல் சத்தம் கேட்காதா என்று தவித்தேன். மத்தியானம் அத்தனை பேர் ஊதினார்களே, வையாமல் இருந்திருக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. ஊதல் சட்டையில்தான் இருக்கும். அவனிடம் ஊதுவதற்கு ஒன்றும் இல்லை. என் செருப்பாலேயே என்னை அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மூன்றாவது வளைவில் ஹெர்குலானோதான் முதலில் பார்த்தான். தண்ணீரில் குதித்தான். அவனுக்கு நெஞ்சு வரைக்கும்தான் ஆழம். கண்டல் வேர்களுக்கு நடுவே என் தம்பி குப்புறக் கிடந்தான். வலது கை இன்னும் வேரைப் பற்றியிருந்தது. அதனால்தான் அடித்துக்கொண்டு போகவில்லை. சாகிற ஆழமா அது, சொல்லுங்கள். நின்றால் நிற்கலாம். மயங்கினவனுக்கு முகம் மட்டும் மேலே இருந்திருந்தால் போதும்.

ஹெர்குலானோ அவனைப் புரட்டி, வேர்களின் மேல் சாய்த்து, காதை நெஞ்சில் வைத்துக் கேட்டான். வாயில் ஊதினான், நெஞ்சை அழுத்தினான், திரும்ப ஊதினான். நானும் குதித்து அவன் கன்னத்தைத் தட்டினேன். கன்னம் ஆற்றைப் போலவே குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஹெர்குலானோ நிறுத்திவிட்டான். நீ ஏண்டா நிறுத்துறே என்று அவன் முதுகில் குத்தினேன். குத்த விட்டான்.

பிறகு, இவனை எப்படிக் கொண்டுபோவது என்று பார்த்தோம். பாதை இரண்டு பலகை அகலம். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அதில் இரண்டு பேர் நடக்க முடியாது. படகு இங்கே வராது. மழையும் இருட்டும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. ஹெர்குலானோ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"தண்ணியோடதான் கொண்டுபோகணும் நசாரியா. படகுலேர்ந்து ஒரு சட்டை எடுத்துட்டு வா."

ஓடினேன். படகில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்பதும் நனைந்திருந்தன, பத்தாவது காய்ந்திருந்தது. காலையிலிருந்து யாரும் தொடாத அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். வேரைப் பற்றியிருந்த கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். தலைகீழாக இல்லை, கோவணமாக இல்லை, ஒழுங்காக, கை நுழைக்கிற இடத்தில் கையை நுழைத்து என் தம்பிக்குப் போட்டுவிட்டேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் அவனுக்குச் சட்டை மாட்டிவிடுவேன். மூன்று கொக்கிவாரையும் இறுக்கினேன். வேர்களை விட்டு நகர்த்தினதும் மிதந்தான். முகம் வானத்தைப் பார்த்தபடி, ரொம்ப நன்றாக மிதந்தான். நன்றாகத்தான் மிதக்கும், அதற்காகத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்.

படகை மேல் துறையிலேயே விட்டுவிட்டு, ஹெர்குலானோ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக வாரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு இறங்கினோம். முக்கால் மணி நேரம். பதினோரு நாள் பேசாததையெல்லாம் அவனிடம் பேசிக்கொண்டே வந்தேன், மாயாவில், மெதுவாக. ஹெர்குலானோவுக்குக் கேட்டிருக்கும். அவன் மறுபக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். தூறல் விழுந்து எலீகியோவின் கண்ணில் தேங்கியது, நான் துடைத்துத் துடைத்துவிட்டேன்.

கடைசி வளைவு திரும்பினதும் கீழ்த் துறையில் விளக்கு தெரிந்தது. தோமாஸ் லாந்தரைத் தூக்கிப் பிடித்திருந்தான். பக்கத்தில் ஃபிதேலியா, செருப்புகூடப் போடாமல், பலகை நுனியில் நின்றுகொண்டிருந்தாள். அரையிருட்டில் அவளுக்கு முதலில் தெரிந்தது அந்த ஆரஞ்சு நிறம்தான். பிறகு அவன் முகம் மேலே இருப்பது தெரிந்தது. அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், தோமாசின் காலைப் பிடித்து உலுக்கினாள்.

"சட்டை போட்டிருக்காரு, பாருங்க, சட்டை போட்டிருக்காரு. குடுத்துட்டீங்களா மதினி. காலையில நான்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன். வெக்கப்படாம அக்காகிட்ட கேளுங்க, அது வாயிதான் அப்படி, கேட்டா மாட்டேன்னு சொல்லாதுன்னேன். இந்த மனுஷன் கேக்கவே மாட்டாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

தோமாசுக்குப் புரிந்துவிட்டது. லாந்தரைக் கீழே இறக்கிவிட்டான். ஹெர்குலானோ என்னைப் பார்த்தான். இவளிடம் யார் சொல்வது என்று அவன் கேட்கிற மாதிரி இருந்தது. துறைக்கு இன்னும் பத்துப் பதினைந்து முழம் இருந்தது. நான் வாரை விடவில்லை.

"கேட்டான் ஃபிதேலியா" என்றேன். "கேட்டான்."